புதுச் சபைக்கு வந்தவர் எங்கே கை கொடுக்கலாம்?

வேலை மாற்றலாகியோ கல்யாணமாகியோ நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் வந்து ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் சேருகிறவர்கள் பலர், கொஞ்ச நாளில் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "ஆண்டவருக்கு ஏதாவது செய்யணும்னு இருக்கு. எனக்கு என்ன வரம் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் வேலையில் இறங்குவேன் என்று காத்திருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்கலாம். வரம் அப்புறம் தெரியும், அடுத்த அசன விருந்துக்கு வெங்காயம் உரிக்க வாருங்கள் என்பதுதான் என் பதில்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையில், இன்னொருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்துகொள்வதுதான் புதியவருடைய முதல் ஊழியம். புதிதாக ஒன்றைத் தொடங்குவதெல்லாம் பிறகு. அதை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். தென்மாவட்டச் சி.எஸ்.ஐ. சபைகளின் வழக்கத்தை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். வேறு சபைக்காரர்கள் பெயர்களை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

முதலில் பெயரைக் கொடுங்கள்

பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி வந்திருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் ஆகியவற்றின் சான்றிதழ் நகல்களையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், கொடுக்க ஞாயிறு ஆராதனை முடிந்த வாசல் சரியான இடமல்ல. அவர் பொறுப்பில் இருக்கும் ஒரு சேகரத்தில் பல சபைகள் இருக்கும். இங்கே ஆசீர்வாதம் சொல்லிவிட்டு அடுத்த கிளைச் சபைக்கு வண்டியை எடுக்கிற அவசரத்தில் இருப்பார். வாரநாள் ஒன்றில் நேரம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஐயரம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். சபையில் யார் வீட்டில் நோய், யார் வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சை என்பதெல்லாம் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும்.

சபைச் சந்தா எவ்வளவு, யாரிடம் கட்டுவது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். ரசீது வாங்குங்கள்.

அடுத்தபடியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, யார் என்ன செய்கிறார்கள் என்பது. உபதேசியார், கமிட்டி உறுப்பினர்கள், பாடகர் குழுத் தலைவர், ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர், பெண்கள் ஐக்கிய சங்கத்தை நடத்தும் அம்மாமார் என்று வரிசையாக இருப்பார்கள். எல்லாருக்கும் முன்பாகக் கோயில் குட்டியாரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். மணி அடிப்பவர், கதவு திறப்பவர், விரிப்பை உதறிப் போடுபவர் அவர்தான். எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று கமிட்டிக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

"எங்க சபையில இப்படி இல்லையே"

இந்த வாக்கியத்தை முதல் வருடம் முழுக்க நாக்குக்குக் கீழேயே வைத்திருங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன்கள், மெதடிஸ்டுகள், அதற்கு முன்பே ஒன்றாகியிருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் எல்லாரும் ஒரே கூரைக்குள் வந்தார்கள். பெயர் ஒன்றாயிற்று, பழக்கங்கள் அப்படியே இருந்தன. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் வழி. மதுரையில் அமெரிக்கன் மிஷன் வழி. திருநெல்வேலிச் சீமையிலோ சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்று இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வேலை செய்தன. அதனால் எங்கே முழங்கால் போடுவது, எப்போது எழுந்து நிற்பது என்பதில்கூட இருபது கிலோமீட்டர் இடைவெளியில் வேறுபாடு இருக்கும். நாகர்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தவர் மலைத்துப் போவது இயல்பு. முன் வரிசையில் உட்காராமல் நடுவில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்தால் நாலு ஞாயிற்றில் பழகிவிடும்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே பல கிராமங்களில் ஊரும் சபையும் ஒன்றாகவே பிறந்தவை. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதற்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்கள் 1799ல் சேர்ந்து குடியேறிய ஊர்தான் முதலூர். அடுத்த தலைமுறையில் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்திலும் இப்படித் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தும் வேலை தொடர்ந்தது. கிணறு, பள்ளிக்கூடம், கோயில், கல்லறைத் தோட்டம் எல்லாமே கூட்டு வேலை. அந்த வழியில் வந்தவர்களுக்கு 'சபை வேலை' என்பது தனியாக நேரம் ஒதுக்கிச் செய்கிற தொண்டு அல்ல. வீட்டு வேலை மாதிரி, சொல்லாமலே நடக்கும். நகரத்திலிருந்து வருகிற நமக்கு யாரும் அழைப்பு அனுப்பவில்லையே என்று தோன்றும். அழைப்பு வராது, நாமாகத்தான் போக வேண்டும்.

அசனத்துக்கு முந்தின இரவு

அசனம் என்பது சபையார் வருடத்துக்கு ஒருமுறை கூடிச் சமைத்து, ஊர் முழுக்க உட்கார வைத்துப் பரிமாறும் விருந்து. பெரும்பாலும் கோயில் பிரதிஷ்டை நாளையோ அறுப்பின் பண்டிகையையோ ஒட்டி வரும். சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் பிரதானம், ரசம் நிச்சயம் உண்டு. சாப்பிட வருகிறவர் என்ன மதம் என்று கேட்கிற வழக்கம் இல்லை. புதியவர் சபைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் முன்பே பொறுப்பாளரிடம் போய், "அண்ணாச்சி, முந்தின நாள் ராத்திரி வேலைக்கு என்னையும் சேத்துக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். பரிமாறுகிறேன் என்று கேட்காதீர்கள். பரிமாற எப்போதும் ஆள் அதிகம், அதில் வருடக்கணக்காக நின்று பழகியவர்கள் இருப்பார்கள். முந்தின இரவுக்குத்தான் ஆள் பஞ்சம். பழைய சட்டை, உங்கள் வீட்டிலேயே நன்றாக வெட்டுகிற கத்தி, ஒரு துண்டு, இது போதும். பெண்கள் அரிவாள்மணையோடு வந்துவிடுவார்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி என்று மூட்டைகளைப் பிரித்துப் போட்டதும் வட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஏதாவது ஒரு வட்டத்தில் போய் உட்காருங்கள். யார் மகன், எந்த ஊர், என்ன வேலை என்ற விசாரணை முதல் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு காதைத் திறந்து வையுங்கள். சபையின் சரித்திரம், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த வட்டத்தில்தான் கிடைக்கும். வரவேற்புக் கூட்டத்தில் கிடைக்காது.

சமையல் மாஸ்டர் சொன்னதைத் தவிர வேறெதையும் செய்யாதீர்கள். "உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கே" என்று நீங்களாக அள்ளிப் போட்டால் ஒரு கிடாரம் குழம்பே போயிற்று. அடுப்புப் பக்கம் பிள்ளைகளை விடாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு முழு வேலைதான், யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் அலைமோதும்போது எழுந்து வர முடியாத முதியவர்கள், பிள்ளை பெற்றவர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோகும் பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மத்தியானத்தில் அத்தனை தெருவும் பழகிவிடும்.

பந்தி முடிந்ததும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அப்போது கிடாரம் தேய்க்க நிற்பவர்கள் யார் என்று கவனியுங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன்.

பந்தியைப் பற்றிப் பவுலும் எழுதியிருக்கிறார்

கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து தங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தார்கள். வேலை முடித்துத் தாமதமாக வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள். அந்த நிலையில் எடுத்த திருவிருந்தை, இது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று சொல்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 11). அவர் கொடுத்த தீர்வும் மிக எளிது. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

எருசலேம் சபையிலும் முதல் உட்பூசல் சாப்பாட்டில்தான் வெடித்தது. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சபையையே கேட்டார்கள். அப்போஸ்தலர் 6ல் உள்ள அந்த ஏழு பெயர்களைப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

நம் சபைகளுக்கு இது தூரத்துக் கதையல்ல. 1833ல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். தனி இருக்கையும், திருவிருந்துப் பாத்திரத்தில் முதலில் பருகும் உரிமையும்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அந்த வியாதி முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே புதியவருக்கு என் யோசனை இது. உங்கள் சபையில் மேடை ஏறுகிறவர்கள் எப்போதும் ஒரே குடும்பங்களாகவும், பாத்திரம் தேய்க்கிறவர்கள் எப்போதும் வேறு குடும்பங்களாகவும் இருந்தால், உடனே கமிட்டியில் போய்க் கேள்வி கேட்க வேண்டாம், வந்த புதிதில் அது எடுபடாது. தேய்க்கிற பக்கம் போய் உட்காருங்கள். வருடா வருடம் அங்கேயே உட்காருங்கள். உங்களோடு இன்னும் இரண்டு பேர் வந்து உட்காருவார்கள். கேள்வி கேட்கும் உரிமை அப்புறம் தானாக வரும். வந்ததும் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

துக்க வீடு

அசனம் வருடத்துக்கு ஒருமுறைதான். துக்கம் எப்போது வேண்டுமானாலும் வரும். துக்க மணி அடித்தால், இறந்தவரைத் தெரியாவிட்டாலும் போங்கள். போய்ப் பேச வேண்டியதில்லை, ஆறுதல் வசனம் சொல்லவும் அவசரப்பட வேண்டாம். நாற்காலி இறக்குகிற இடத்தில் நில்லுங்கள். காபித் தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் ஒரு சுற்று வாருங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் பஸ் நிறுத்தத்திலிருந்து கூட்டிவர வண்டி தேவைப்படும். பாடத் தெரிந்தால் பாமாலை, கீர்த்தனைப் புத்தகத்தோடு பாடுகிறவர்கள் பக்கம் உட்காருங்கள். இரவு நீளும்போது பாடக் குரல் குறைந்துகொண்டே வரும், அப்போது ஒரு புதுக்குரல் வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் மறக்கமாட்டார்கள்.

அடக்க ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த மறுவாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த வாரத்தில் வீடு வெறிச்சென்று இருக்கும். வாரிசுச் சான்றிதழ், பென்ஷன், வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டியது அப்போதுதான் தொடங்கும். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் ஒருவர் கூடப் போனாலே பெரிய உதவி. அலுவலக வேலையில் இருப்பவர்கள் தங்களுக்கு ஊழிய வரம் இல்லை என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, கீத பவனி

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் இங்கேதான் போகிறார்கள். பாடகர் குழுவில் குரலைவிட ஒத்திகைக்குச் சரியாக வருவது முக்கியம். சனிக்கிழமை வர முடியாதென்றால் சேராதீர்கள். கிறிஸ்துமஸுக்கு முன் நடக்கும் கீத பவனியில் இரவு வெகு நேரம் தெருத் தெருவாகப் போக வேண்டியிருக்கும். டார்ச், தண்ணீர், கூட வரும் சிறுபிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடும் பொறுப்பு, இவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டால் நடத்துகிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஞாயிறு பள்ளியில் முதலில் உதவி ஆசிரியராக ஒரு வருடம் இருங்கள். பிள்ளை ஒன்றோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். இதை யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே கடைப்பிடியுங்கள். பணமும் அதே மாதிரி. அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். சந்தோஷ ஆரவாரத்தில் யார் எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்பது மறந்துபோகும். பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்து பெயர், பொருள், தொகை என்று எழுத ஒருவர் வேண்டும். அந்த வேலையை நீங்கள் கேட்டு வாங்கலாம். ஆனால் காணிக்கைப் பணத்தைத் தனியாக எண்ண ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு பேர் எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல, பின்னால் யாரும் உங்களைச் சந்தேகிக்க இடம் வரக்கூடாது என்பதற்காக.

தேர்தல் வந்தால்

மூன்று வருடத்துக்கு ஒருமுறை சபைத் தேர்தல், பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் வரும். அதுவரை காபி வாங்கிக் கொடுக்காதவர்களும் வாங்கிக் கொடுப்பார்கள். முதல் தேர்தலில் ஓட்டுப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த அணியின் வாட்ஸ்அப் குழுவிலும் சேர வேண்டாம். நோட்டீஸ் கொடுக்க, ஆள் திரட்ட என்று உங்களை அழைப்பதையும் ஊழியம் என்றே சொல்லுவார்கள். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் இரண்டு அணிக்காரரும் வந்து உட்கார முடிய வேண்டுமென்றால், உங்களைப் போன்ற ஒரு சிலராவது அணியில்லாமல் இருக்க வேண்டும்.

சண்டை வருமா? வரும். யாராவது மனம் நோகப் பேசிவிட்டால் மத்தேயு 18ல் சொன்ன வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். முதலில் அவரிடம் தனியாக, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியாகச் சபைக்கு. நாம் பொதுவாக இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

எவ்வளவு எடுத்துக்கொள்வது

வேலை செய்கிறவர் என்று பெயர் வாங்கிவிட்டால் எல்லா வேலையும் உங்களிடம் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒற்றை ஆளாக நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமன் எத்திரோ, நீ செய்வது நல்லதல்ல, நீயும் களைத்துப் போவாய், ஜனங்களும் களைத்துப் போவார்கள் என்றார் (யாத்திராகமம் 18). ஜனங்களும் களைப்பார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவரே எல்லாம் செய்கிற சபையில் மற்றவர்களுக்குச் செய்ய இடமே இல்லாமல் போகிறது. எனவே வருடத்துக்கு ஒரு பெரிய வேலை, வாரத்துக்கு ஒரு சின்ன வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா வீட்டுக்கே வருவதில்லை என்று பிள்ளைகள் சொல்லும் நிலை வேண்டாம்.

எந்த வேலை என்று இன்னும் குழப்பமாக இருந்தால் நெகேமியா 3ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுக்க வாசியுங்கள். பெயர்ப் பட்டியல்தானே என்று தாண்டிப் போகிற அதிகாரம் அது. எருசலேம் அலங்கத்தை, அதாவது மதில் சுவரை, கட்டுகிறவர்களில் ஆசாரியர் இருக்கிறார்கள், தட்டார் இருக்கிறார்கள், தைலக்காரர் இருக்கிறார். சல்லூம் என்பவர் தன் குமாரத்திகளோடு வந்து கட்டுகிறார். கல் வேலை தெரிந்தவர்கள் என்று யாரையும் குறிப்பிடவில்லை. பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் துண்டைத்தான் கட்டுகிறார்கள். தெக்கோவா ஊரார் ஒரு பங்கைக் கட்டி முடித்துவிட்டு இன்னொரு பங்கையும் எடுக்கிறார்கள். அவர்களுடைய பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அலங்கம் 52 நாளில் முடிந்தது. உங்கள் வீட்டுக்கு எதிரே எது இருக்கிறது என்று பாருங்கள். தனியாக இருக்கும் ஒரு பாட்டியா, பள்ளிக்குப் போகாமல் நிற்கும் ஒரு பையனா, புதர் மண்டிய கல்லறைத் தோட்டமா?

சபைக்கு வெளியே

உள்வேலையில் மூழ்கி வெளியே பார்க்காமல் போய்விடவும் கூடாது. 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வேதநாயகம் அசரியா உட்படத் திருநெல்வேலிச் சபையார் தங்கள் ஆட்களையும் தங்கள் பணத்தையும் கொண்டு, மொழி தெரியாத தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அசரியா 1912ல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். அந்தப் பணம் பெரும் பணக்காரர்களிடமிருந்து மட்டும் வந்ததல்ல. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் நம் பெண்களிடம் உண்டு. மிசோரமில் 1910 முதல் இதே பழக்கம் சபையின் பெரும் வருமானமாகவே வளர்ந்திருக்கிறது. உங்கள் சபையில் இது நின்று போயிருந்தால், மறுபடி தொடங்குவதற்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடம் பேசிப் பார்க்கலாம். வீடு வீடாகப் போய் அரிசி வாங்கி வரும் வேலை உங்களுடையது என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். யோசனை மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள்.

இரண்டு மூன்று வருடம் ஒரு வேலையைச் செய்த பிறகு அதை இன்னொருவருக்குக் கைமாற்றத் தயாராகுங்கள். திடீரென்று அல்ல, ஒரு முழு வருடம் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எந்தக் கடையில் கிடாரம் வாடகைக்கு நன்றாக இருக்கும், எந்த மளிகைக்காரர் மீந்த மூட்டையைத் திருப்பி எடுப்பார், யார் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, எந்த இரண்டு பேரை ஒரே வட்டத்தில் வெங்காயம் உரிக்க உட்கார வைக்கக்கூடாது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதாமல் வாயால் சொல்லிவிடுங்கள்.